நல்ல ஆற்று நீர் பாய்ச்சியும் திராட்சைத் தோட்டம் ஏன் உவர்க்கிறது?

கேப் டவுனில் ரைலண்ட்ஸ் பகுதியில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். டர்பன் தமிழர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, பிரீடே ஆற்றுப் பள்ளத்தாக்கில் போனிவேல் அருகே திராட்சைத் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். பாய்ச்சுவது ஆற்று நீர்தான். வாயில் வைத்தால் கரிப்பதில்லை. ஆனாலும் தாழ்வான பகுதியில் கொடிகள் ஆண்டுக்கு ஆண்டு சோர்கின்றன. இங்கே நடுக்கோடையான ஜனவரியிலேயே இலை ஓரம் கருகுகிறது. அறுவடை முடியும் நேரத்தில் வரப்பு ஓரங்களில் வெள்ளை பூக்கிறது. அவருடைய கேள்விகள் மூன்று. நல்ல நீரைப் பாய்ச்சியும் மண் ஏன் உவர்க்கிறது? தெளிப்புநீரை விட்டுச் சொட்டுநீருக்கு மாறினால் தீருமா? கொடிகளைப் பிடுங்கிவிட்டு மறுநடவு செய்ய வேண்டுமா?

முதல் கேள்விக்கான பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. உப்பு என்றால் கிணற்று நீரில்தான் வரும், ஆற்று நீரில் வராது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மழைநீரைத் தவிர உப்பில்லாத நீர் என்று பூமியில் எதுவும் இல்லை. மலையிலிருந்து இறங்கும் ஓடையிலும் கொஞ்சம் இருக்கும். ஆகவே நீரில் உப்பு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, வந்த உப்பு எந்த வழியாக வெளியே போகிறது என்று பாருங்கள். உங்கள் தோட்டத்தின் தாழ்ந்த பகுதியில் அது போக வழியில்லை. நோய் அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதன் அறிகுறிகள்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்த நாட்டில் நீரின் உப்பை மில்லிசீமென்ஸ் பெர் மீட்டர் என்ற அலகில் சொல்வார்கள். தமிழ்நாட்டு ஆய்வுக்கூடங்கள் டெசிசீமென்ஸ் என்று எழுதுவதில் 1 என்பது இங்கே 100. 50 மில்லிசீமென்ஸ் உள்ள நீரை யாரும் மோசமான நீர் என்று சொல்ல மாட்டார்கள். அதில் லிட்டருக்கு ஏறக்குறைய 320 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கும். ஒரு பருவத்தில் 500 மில்லிமீட்டர் பாய்ச்சுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், ஹெக்டேருக்கு 5,000 கன மீட்டர் நீர். அதோடு சேர்ந்து வருகிற உப்பு 1,600 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை முப்பத்திரண்டை உங்கள் ஆட்கள் தோளில் சுமந்து வந்து கொடிக்கடியில் தூவினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? குழாய் வழியாக வருவதால் கண்ணுக்குத் தெரியவில்லை.

கொடி இதில் எடுத்துக்கொள்வது மிகச் சொற்பம். வேர் நீரை உள்ளே இழுக்கும்போது பெரும்பாலான உப்பை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. இலை வழியாகவும் மண்ணின் மேற்பரப்பு வழியாகவும் போவது சுத்தமான நீராவி. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி கட்டி வெயிலில் காய்ச்சும் அதே வேலையைத்தான் பாசனத் தோட்டம் வேர்மண்டலத்தில் செய்துகொண்டிருக்கிறது. அங்கே உப்பை வாரி எடுத்துவிடுகிறார்கள், இங்கே அது கிடந்துவிடுகிறது.

அப்படியானால் எல்லாப் பாசனத் தோட்டங்களும் பத்து ஆண்டில் பாழாகியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். ஆகவில்லை. காரணம், பாய்ச்சும் நீரில் ஒரு பங்கு வேர்மண்டலத்தைத் தாண்டிக் கீழே வடிந்துபோகிறது. போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்பதுதான் தோட்டத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மண்ணுக்குள் வருவதும் போவதும் சில ஆண்டுகளில் ஒரு சமநிலைக்கு வந்துவிடும். அந்தச் சமநிலையில், பாய்ச்சியதில் ஐந்தில் ஒரு பங்கு கீழே வடிந்தால், வடியும் நீரின் உப்பு பாய்ச்சிய நீரைப்போல் ஐந்து மடங்கு இருக்கும். பத்தில் ஒரு பங்கு வடிந்தால் பத்து மடங்கு. இருபதில் ஒரு பங்கு மட்டும் வடிந்தால் இருபது மடங்கு. சுண்ணாம்பாகவும் ஜிப்சமாகவும் மண்ணிலேயே படிந்துவிடும் பகுதியைக் கழித்தால் கணக்கு கொஞ்சம் இறங்கும், போக்கு மாறாது. 50 மில்லிசீமென்ஸ் நீர், பத்தில் ஒரு பங்கு வடிகிறது என்றால் வேர்மண்டலத்தின் அடியில் 500. இப்போது உங்கள் நல்ல நீரைக் கொடியின் அடிவேர் இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள்.

திராட்சை உப்பைத் தாங்கும் பயிரல்ல, அதற்காக உடனே செத்துப்போகும் பயிருமல்ல. ஐக்கிய நாடுகள் உணவு, வேளாண் அமைப்பு 1985இல் திருத்தி வெளியிட்ட பாசன நீர்த்தர அட்டவணை இன்றும் எல்லோர் மேசையிலும் இருக்கிறது. மண்ணைக் குழைத்துப் பிழிந்தெடுத்த சாற்றின் உப்பளவு 150 மில்லிசீமென்ஸ் வரை இருந்தால் திராட்சையின் விளைச்சல் குறையாது என்கிறது அது. 250இல் பத்து சதவீதம் போகும், 410இல் கால்பங்கு, 670இல் பாதி. உங்கள் பக்கத்து ஊரான ராபர்ட்சனில் கொலம்பார் என்ற திராட்சை ரகத்தின் கொடிகளுக்கு வெவ்வேறு அளவு உப்பு கலந்த நீரைப் பல பருவங்கள் தொடர்ந்து பாய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனையிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒரே உப்பளவு முதல் ஆண்டில் செய்யாத சேதத்தைப் பின்வரும் ஆண்டுகளில் செய்கிறது என்பதை. கொடி பல்லாண்டுப் பயிர். இந்த ஆண்டு கண்ட உப்பு அதன் கட்டையிலும் வேரிலும் தங்கி, அடுத்த ஆண்டின் தளிரையும் பூங்கொத்தையும் பாதிக்கிறது. ஆகவே அட்டவணையின் 150 என்பதைச் சாலைத் தடுப்புச் சுவராக நினைக்காமல், 100ஐத் தொடும்போதே விழித்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து.

உங்கள் கூட்டாளி டர்பன்காரர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். 1860இல் தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்த நம் மக்கள், ஒப்பந்தம் முடிந்தபின் டர்பனைச் சுற்றிக் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தார்கள். அந்தக் கைப்பக்குவம் அவர்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் டர்பனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை, அதுவும் கோடையில், பயிர் நிற்கும்போதே கொட்டுகிறது. உப்பைக் கழுவும் வேலையை வானமே செய்துவிடும். தோட்டக்காரர் அதை நினைக்கக்கூட வேண்டியதில்லை. ராபர்ட்சன் வட்டாரத்தில் ஆண்டு மழை சுமார் 280 மில்லிமீட்டர்தான். அதில் பெரும்பகுதி குளிர்காலத்தில், கொடி இலையுதிர்த்துத் தூங்கும்போது பெய்கிறது. டர்பன் அனுபவத்தை வைத்து இங்கே தண்ணீர் விட்டால் கணக்கு உதைக்கும். கேப் பகுதிக்குள்ளேயே கூட இந்த வேறுபாடு உண்டு. கோரமண்டல் கரையிலிருந்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அடிமைகளாகக் கொண்டுவந்த மக்களின் கைகளும் உழைத்த பழைய கேப் தோட்டங்கள், மலையடிவாரத்தில் குளிர்கால மழை தாராளமாகப் பெய்யும் இடங்களில் இருந்தன. ஸ்டெல்லன்போஷ் பக்கம் இன்றும் பாசனமே இல்லாமல் நிற்கும் கொடிகள் உண்டு. அங்கே உவர்மண் என்பது பெரிய பேச்சல்ல. மலைத்தொடர்களைத் தாண்டி உள்ளே வரவர மழை குறைகிறது, பாசனம் கூடுகிறது, உப்பும் கூடவே வருகிறது.

இதில் பாறைக்கும் பங்கு உண்டு. பிரீடே பள்ளத்தாக்கின் சரிவுகளில் பொக்கஃபெல்ட் என்று பெயர் பெற்ற களிப்பாறை அடுக்குகள் கிடக்கின்றன. ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தவை. உடைத்தால் கிளிஞ்சல் அச்சுகள் தென்படும். அவற்றிலிருந்து சிதைந்து உருவான மண்ணில் பாசனம் தொடங்குமுன்பே உப்பு இருக்கிறது. வறண்ட காட்டில் அது ஆழத்தில் அசையாமல் கிடக்கும். காட்டைத் திருத்தி, ஆழமாக உழுது, நீர் பாய்ச்சியதும் எழுந்து நடக்கத் தொடங்கும். சரிவில் மேலே புதிதாகத் தோட்டம் போட்டவர் முதல் சில ஆண்டுகள் நன்றாகவே எடுப்பார். அவர் மண்ணிலிருந்து கழுவப்பட்ட உப்பு நிலத்தடியில் ஊர்ந்து, பள்ளத்தில் இருப்பவரின் வேரில் வந்து நிற்கும். உங்கள் தோட்டத்துக்கு மேலே கடந்த பத்து ஆண்டுகளில் யாராவது புதிதாக நட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். தாழ்ந்த பகுதி மட்டும் சோர்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான் இதைக் கேட்கிறேன்.

ஆற்றுக்கும் இதே கதை. தோட்டங்களிலிருந்து வடியும் நீர் ஆற்றுக்கே திரும்புகிறது. அடுத்த தோட்டக்காரர் அதைத்தான் இறைக்கிறார். உங்களுக்கு மேலே வூஸ்டர் நகரில் தெளிவாக இருக்கும் பிரீடே, கீழே போகப்போகக் கோடையில் உப்பேறிக்கொண்டே போகிறது. உவரான துணையாறுகளும் வழியில் சேர்கின்றன. இதைச் சமாளிக்கத்தான் வூஸ்டருக்கு அருகிலுள்ள பிராண்ட்ஃபிளே அணையிலிருந்து, பாசனத்துக்கு வேண்டியதற்கு மேலும் கொஞ்சம் நல்ல நீரை ஆற்றில் திறந்து விடுகிறார்கள், ஆற்றை நீர்த்துப்போகச் செய்வதற்காக. அணை நிறைந்திருக்கும் ஆண்டில் இது நடக்கும். 2015 முதல் 2017 வரை குளிர்கால மழை அடுத்தடுத்துப் பொய்த்தபோது என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2018இல் கேப் டவுனில் குழாய் நின்றுபோகும் நாளைக் குறித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அது உலகச் செய்தியானது. அந்தக் காலத்தில் மேற்குக் கேப் விவசாயிகளின் நீர் ஒதுக்கீடும் வெட்டப்பட்டது. கொடியை உயிரோடு வைத்திருக்கும் அளவுக்குச் சொட்டுச் சொட்டாக விட்டவர்கள் பலர். அப்போது வடிகாலுக்குப் போன நீர் ஏறக்குறைய இல்லை, கழுவுவதற்குக் குளிர்கால மழையும் இல்லை. உப்பு அப்படியே மண்ணில் தங்கியது. நீங்கள் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தின் கணக்கில் அந்த ஆண்டுகளின் பாக்கியும் சேர்ந்திருக்கலாம். மேல்மடைக்காரர் கழிவைக் கடைமடைக்காரர் குடிப்பது நமக்குப் புதிதல்ல. நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்களைக் கேட்டால் விளக்கமாகச் சொல்வார்கள். அங்கே சாயப்பட்டறை, இங்கே வெறும் பாசனம்.

இனி இரண்டாவது கேள்வி. சொட்டுநீர் நல்ல கருவி; நானே பலருக்குப் பரிந்துரைக்கிறேன். ஆனால் அது உப்புக்கு மருந்து என்று யாராவது சொல்லி விற்றால் நம்பாதீர்கள். சொட்டுநீரின் பெருமையே நீரை வீணாக்காமல் இருப்பது. வீணாகாத நீர் என்றால் வேருக்குக் கீழே போகாத நீர் என்று பொருள். உப்பைக் கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. குறைந்த நீர் பாய்ச்சினால் வந்து சேரும் உப்பும் குறைவுதானே என்று கேட்பீர்கள். உண்மைதான், வேகம் குறையும். ஆனால் வெளியே போகும் வழி அடைபட்டிருந்தால் மெதுவாக நிறைவதும் நிறைவதுதான்.

சொட்டுவாய்க்கு அடியில் மண் ஈரமாக, குமிழ் வடிவில் இருக்கும். அந்தக் குமிழுக்குள் உப்பு குறைவு, கொடி சுகமாக இருக்கும். உப்பு குமிழின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு, அங்கேயும் வரிசைகளுக்கு நடுவிலும் மேற்பரப்பிலும் குவிகிறது. மார்ச் மாதம் மாலை வெயிலில் வரிசை ஓரமாக நடந்தால், ஒவ்வொரு சொட்டுவாயையும் சுற்றி ஒரு முழ தூரத்தில் வெண்மையான வளையம் தெரியும். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும், நாக்கில் வைத்தால் சுள்ளென்று கரிக்கும். அந்த வளையம் அங்கேயே இருக்கும்வரை கொடிக்குத் தொல்லையில்லை. ஏப்ரலிலோ மே தொடக்கத்திலோ ஒரு சிறு மழை வரும், பத்துப் பதினைந்து மில்லிமீட்டர். விவசாயி மகிழ்ச்சியோடு மோட்டாரை நிறுத்துவார். அந்த மழை வளையத்து உப்பைக் கரைத்து நேராக வேர்மண்டலத்துக்குள் இறக்கிவிடும், அதற்குக் கீழே தள்ளும் அளவுக்கு அதில் வலு இருக்காது. அறுவடைக்குப் பிறகு கொடி புதுவேர் விடும் நேரமும் அதுதான். எனவே முதல் மழையில் மோட்டாரை நிறுத்தாதீர்கள், ஓட விடுங்கள். மேலிருந்து வரும் உப்பைக் குமிழின் நீர் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். பக்கத்துத் தோட்டக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

தெளிப்புநீரில் வேறொரு சிக்கல். இலைமேல் படும் நீர் வெயிலில் காய்ந்து, குளோரைடையும் சோடியத்தையும் இலை நேரடியாக உறிஞ்சிக்கொள்கிறது. மண்ணில் பிரச்சினை இல்லாத உப்பளவு கூட இலையைக் கருக்கும். உங்கள் தெளிப்பான்கள் இலையை நனைக்காத அளவு தாழ்வாக இருந்தால் சரி. இல்லையென்றால் இரவில் ஓட்டுங்கள்.

இலை ஓரம் கருகுவதை வைத்து மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். சாம்பல்சத்துக் குறைவிலும் இலை ஓரம் கருகும், நீர்ப்பற்றாக்குறையிலும் கருகும். குளோரைடு சேர்ந்த இலையில் கருகல் ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி நகரும். கருகிய பகுதிக்கும் பச்சைக்கும் இடையே எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும், முதிர்ந்த இலைகள் முதலில் போகும். சந்தேகம் தீர வேண்டுமானால் இலைக்காம்பை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் குளோரைடும் சோடியமும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள்.

மண் மாதிரி எடுப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். தோட்டம் முழுக்க அங்கங்கே அள்ளி ஒரே வாளியில் கலந்து அனுப்பினால், வரும் எண் எந்த இடத்துக்கும் பொருந்தாது. துளைக்கருவியை எடுத்துக்கொண்டு சொட்டுவாய் அல்லது தெளிப்பானுக்கு நேர் கீழே ஒன்று, அரை மீட்டர் தள்ளி ஒன்று, வரிசை நடுவில் ஒன்று. ஒவ்வொன்றிலும் 30 சென்டிமீட்டர் வரை, 60 வரை, 90 வரை எனத் தனித்தனிப் பையில் போடுங்கள். நல்ல பகுதியிலும் சோர்ந்த பகுதியிலும் இதேபோல். அறுவடை முடிந்து மழைக்கு முன் ஒருமுறை, செப்டம்பரில் மொட்டு விடும்போது ஒருமுறை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் குளிர்காலம் எவ்வளவு உப்பைக் கழுவியது என்பதன் ரசீது. இந்த நாட்டு ஆய்வுக்கூடங்கள் பல, குழைத்த மண்ணின் மின்தடையை ஓம் கணக்கில் தருகின்றன. அதில் எண் குறையக் குறைய உப்பு கூடுதல் என்று படிக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் தலைகீழாகப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். 300 ஓமுக்குக் கீழே போனால் முழுச் சாறு ஆய்வு செய்யச் சொல்லுங்கள்.

அந்த ஆய்வில் சோடியத்தின் பங்கைத் தனியாகப் பாருங்கள். உவர், களர் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பலர் பணத்தைக் கரைக்கிறார்கள். உவர்மண்ணில் உப்பு அதிகம், ஆனால் மண் கட்டமைப்பு நன்றாகவே இருக்கும். நீர் விட்டால் இறங்கும். களர்மண்ணில் களித்துகள்கள்மேல் சோடியம் ஏறி உட்கார்ந்திருக்கும். நனைந்ததும் துகள்கள் பிரிந்து, துளைகளை அடைத்து, மேலே சேற்றுத் தோல் போலக் காயும். சோடியத்தின் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டினால் களர் என்பது பழைய அமெரிக்க வரையறை; களிமண்ணில் அதற்கு முன்பே தொல்லை தொடங்கிவிடும். வீட்டிலேயே பார்க்க வழி உண்டு. சோர்ந்த பகுதியிலிருந்து காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கொட்டைப்பாக்கு அளவில் எடுத்து, ஒரு கண்ணாடிக் குவளையில் மழைநீரை ஊற்றி அதில் மெதுவாக இறக்குங்கள். கலக்கக் கூடாது. கட்டி உடைந்து உதிர்ந்தாலும் மேலே நீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை. கட்டியைச் சுற்றிப் பால் போல் கலங்கல் பரவினால் சோடியம் வேலை செய்கிறது.

களருக்கு ஜிப்சம் வேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் துரத்தி உட்காரும், பிறகு நீர் விட்டுச் சோடியத்தைக் கீழே அனுப்பலாம். ஜிப்சம் போடாமல் வெறுமே கழுவினால், உப்பு போய்ச் சோடியம் மட்டும் மிஞ்சி, மண் இறுகிவிடும். குளிர்கால மழைநீர் சுத்தமாக இருப்பதே இங்கே ஆபத்து, எனவே ஜிப்சத்தை மழைக்கு முன் ஏப்ரலில் தூவிவிட வேண்டும். உங்கள் மண்ணில் சுண்ணாம்பு தாராளமாக இருந்தால் கந்தகமும் உதவும். அது அமிலமாகிச் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கும். மண் வெறும் உவர் மட்டும்தான் என்றால் ஜிப்சம் வாங்குவது வீண் செலவு. ஜிப்சமும் ஓர் உப்புதான் என்பதை விற்பவர் உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

இப்போது கழுவுவது. எவ்வளவு கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. பாய்ச்சும் நீரின் உப்பளவை, நீங்கள் மண்ணில் அனுமதிக்கும் உப்பளவின் ஐந்து மடங்கிலிருந்து நீரின் உப்பளவைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். நீரில் 75 மில்லிசீமென்ஸ், மண்ணில் 150 வரை விடலாம் என்றால், 75ஐ 675ஆல் வகுக்கக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்கு. கொடியின் தேவை 600 மில்லிமீட்டர் என்றால் 675 பாய்ச்ச வேண்டும். இந்தக் கூடுதல் 75 மில்லிமீட்டரைக் கோடையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து விடுவதை நான் ஏற்க மாட்டேன். பழம் பருக்கும் நேரத்தில் வேரை நீரில் ஊறவைப்பது திராட்சையின் தரத்துக்கும் நல்லதல்ல. குளிர்காலத்துக்குச் சற்று முன் மண்ணை நிறைத்து வைப்பதே இந்தப் பள்ளத்தாக்கில் புத்திசாலித்தனம். காய்ந்த மண்ணில் விழும் முதல் 100 மில்லிமீட்டர் மழை மண்ணை நனைப்பதிலேயே செலவாகிவிடும். ஏற்கெனவே நனைந்த மண்ணில் விழுந்தால், ஒவ்வொரு மழையும் ஏறக்குறைய முழுசாகக் கீழே தள்ளும் வேலையைச் செய்யும். உங்கள் ஆண்டு ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை மே மாதத்துக்கென்று மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். பலர் பிப்ரவரியிலேயே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார்கள்.

பிரீடே பள்ளத்தாக்கைத் தாண்டி வடக்கே ஆரஞ்சு ஆற்றுப் பக்கம், அப்பிங்டன், காகாமாஸ் என்று போனால் இந்த உத்தி எடுபடாது. அங்கே ஆற்று நீர் லெசோத்தோ மலைகளிலிருந்து வருவதால் மிக நல்ல நீர், ஆனால் குளிர்கால மழை கிடையாது. கோடையில் வரும் மழையும் சொற்பம். பாய்ச்சலிலேயே கழுவியாக வேண்டும். வெள்ளப்பாசனம் செய்பவர்கள் நன்றாகக் கழுவுகிறார்கள், அப்படியே நிலத்தடி நீர்மட்டத்தையும் மேலே ஏற்றிவிடுகிறார்கள்.

நீர்மட்டம்தான் உங்கள் தாழ்ந்த பகுதியின் உண்மையான சிக்கல் என்று சந்தேகப்படுகிறேன். நிலத்தடி நீர் ஒன்றரை மீட்டருக்குள் வந்துவிட்டால், மண்ணின் நுண்துளைகள் வழியாக அது தானாக மேலேறிக் காய்ந்து உப்பை விட்டுச்செல்லும். நீங்கள் பாய்ச்சாத மாதத்திலும் உப்பு ஏறும். அந்த நிலையில் கழுவுவதற்காக விடும் கூடுதல் நீர் நோயை வளர்க்கும். மேலும், ஊறி மூச்சடைத்த வேரால் உப்பை வெளியே நிறுத்த முடியாது. சாதாரண மண்ணில் தாங்கும் அளவைக்கூட அது தாங்காது. இரண்டு மீட்டருக்குத் துளை போட்டு, ஓட்டையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி, மூடி போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை குச்சி விட்டு நீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். ஒரு பருவம் பார்த்தால் போதும், வடிகால் குழாய் பதிக்க வேண்டுமா இல்லையா என்பது தெரிந்துவிடும். பதிக்க வேண்டியிருந்தால் அதுதான் பெரிய செலவு. அதைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் மற்றெல்லாம் கண்துடைப்பு.

உரத்திலும் கவனம் வேண்டும். சாம்பல்சத்துக்கு மலிவாகக் கிடைக்கும் பொட்டாசியம் குளோரைடு உங்கள் தோட்டத்துக்கு ஆகாது, சல்பேட்டாக வாங்குங்கள். கோழி எருவும் கணிசமான உப்போடு வருகிறது. வைன் ஆலைக் கழுவுநீரைக் கொடிக்குத் திருப்பிவிடும் யோசனை யாருக்காவது வந்தால், ஆலையில் எதைக் கொண்டு தொட்டி கழுவுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். காஸ்டிக் சோடா என்றால் அது நேரடியாகச் சோடியம். பழத்தில் ஏறும் சோடியம் வைன் வாங்குபவரின் ஆய்வறிக்கையிலும் வந்து நிற்கும்.

மறுநடவு பற்றி. உங்கள் கொடிகள் எந்த வேர்ச்செடியில் ஒட்டப்பட்டவை என்று குத்தகை ஆவணத்திலோ நாற்றுப்பண்ணை ரசீதிலோ இருக்கும். 1886இல் வேரைத் தாக்கும் ஃபிலாக்செரா பூச்சி கேப் பகுதிக்கு வந்த பிறகு இங்கே அமெரிக்க வேர்ச்செடி இல்லாமல் பெரும்பாலும் யாரும் நடுவதில்லை. பூச்சிக்காக வந்த அந்த வேர்களில் சில உப்பிலும் கைகொடுக்கின்றன. ராம்சி, 1103 பால்சன், 140 ரூஜெரி ஆகியவை குளோரைடை மேலே ஏற விடாமல் தடுப்பதில் பேர் பெற்றவை. கம்பம், திண்டுக்கல் பக்கம் திராட்சை போட்டவர்களுக்கு டாக்ரிட்ஜ் பழக்கமாக இருக்கும், அதுவும் அந்த வகைதான். ஆனால் வேர்ச்செடி உப்பைக் கொடிக்குள் விடாது, அவ்வளவே. மண்ணில் உப்பு சேர்ந்துகொண்டேதான் இருக்கும். வடிகால் சரியில்லாத நிலத்தில் ராம்சி நட்டால் சில ஆண்டுகள் கூடுதலாக ஓட்டலாம், பிறகு இதே கேள்வியை மறுபடியும் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே இப்போது எதையும் பிடுங்காதீர்கள். மண் ஆய்வு, நீர்மட்டக் குழாய், ஒரு முழுக் குளிர்காலம் என்று பார்த்துவிட்டு, தாழ்ந்த பகுதியில் மட்டும், வடிகால் பதித்த பிறகு, வரிசைகளை மேடாக உயர்த்தி மறுநடவு பற்றி யோசிக்கலாம். மேட்டுப்பகுதிக் கொடிகளுக்கு எந்தக் குறையும் இருப்பதாக நீங்கள் எழுதியதிலிருந்து தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. நீங்கள் நில உரிமையாளர் அல்ல, குத்தகைதாரர். வடிகால் குழாயின் பயன் உங்கள் குத்தகைக் காலத்தைத் தாண்டியும் நிற்கும். அந்தச் செலவை முழுவதுமாக உங்கள் தலையில் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. குத்தகையைப் புதுப்பிக்கும் முன், ஏற்கெனவே வடிகால் பதித்த வரைபடம் உரிமையாளரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தப் பள்ளத்தாக்கின் பழைய தோட்டங்கள் பலவற்றில் முன்பே பதித்த குழாய்கள் மண்ணுக்கடியில் அடைபட்டுக் கிடக்கின்றன. வரைபடம் கிடைத்தால், குழாய் வாய் ஓடையில் எங்கே திறக்கிறது என்று பார்த்து, நாணலை வெட்டி, மண்ணைத் தோண்டி, அதிலிருந்து நீர் வருகிறதா என்று பாருங்கள். அந்த நீரின் உப்பளவை எடுத்துப் பாய்ச்சும் நீரின் அளவோடு சேர்த்து அனுப்பினால், உங்கள் தோட்டத்தில் எத்தனையில் ஒரு பங்கு வடிகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.